மோடி என்றொரு கூத்துச் சொல்

"மோடி" என்றதும் இன்று பலருக்கும் இந்திய அரசியல் தலைவர் ஒருவரின் பெயரே நினைவுக்கு வரும். அது குசராத்தியக் குடும்பப் பெயர். நம் பேச்சில் புழங்கும் "மோடன்" என்ற வசைச்சொல்லோடும் எமக்கு இங்கு அலுவல் இல்லை. நான் சொல்ல வருவது கூத்துக்காரரின் மோடியை.

அகராதிகள் இச்சொல்லுக்குப் பகட்டு, செருக்கு, விதம், மாயவித்தை எனப் பல பொருள் தருகின்றன. கொற்றவைக்கும் மோடி என்றொரு பெயருண்டு. கன்னடத்திலும் தெலுங்கிலும் மோடி என்பது பாணியையும் குறிக்கும், மந்திர வித்தையையும் குறிக்கும். ஆற்றலும் அதனைக் காட்டும் விதமும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. தமிழகத்துப் பேச்சில் அச்சொல் "மோடி மஸ்தான்" என்று தெருவோர வித்தைக்காரனோடு ஒதுங்கியது. ஈழத்திலோ அது களரி ஏறியது.

மட்டக்களப்பில் கூத்து வடமோடி, தென்மோடி என இரண்டு. இதிகாசப் போர்க்கதைகள் பெரிதும் வடமோடிக்கு உரியவை. காதலும் மணமும் தென்மோடிக்கு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் "கர்ணன் போர்", "இராவணேசன்" ஆகியவற்றைப் பேராதனையில் மேடையேற்றியபின் இச்சொற்கள் படித்தவர் நாவிலும் புழங்கின. மன்னாரில் இதனையே வடபாங்கு, தென்பாங்கு என்பர்.

வன்னிக்கு எது? முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்து, வற்றாப்பளைக் கண்ணகி வழிபாட்டோடு பிணைந்தது. மதுரையை எரித்த கண்ணகி ஈழம் வந்து தங்கிய பத்தாவது இடம் "பத்தாப்பளை". அதுவே வற்றாப்பளை ஆயிற்று என்பது ஊர்வழக்கு. இக்கூத்து இரு மோடிகளிலும் முழுமையாக அடங்காது என்று கண்டோர் அதனை "முல்லைமோடி" என்றனர். வெறும் பெயர்சூட்டல் அல்ல இது. யாழ்ப்பாணத்தின் நிழலாகவோ மட்டக்களப்பின் கிளையாகவோ எண்ணப்பட்ட ஒரு நிலம், தனக்கும் ஒரு நடையுண்டு என்று சொன்ன சொல்.

2009 மே மாதம் முடிவுற்ற போரின் இறுதி நாட்கள் இந்த மாவட்டத்திலேயே கழிந்தன. உயிரைக் காக்க ஓடியவர்கள் கூத்துக் கொப்பிகளையா சுமந்திருப்பார்கள்? கொப்பி தப்பினாலும் அதில் இருப்பது பாட்டு மட்டுமே. தாளக்கட்டு அண்ணாவியாரின் மத்தளத்திலும், மிதி ஆட்டக்காரரின் காலிலும் இருக்கிறது. அகராதி சொல்லைக் காக்கும். மோடியைக் காக்க அடுத்தொரு தலைமுறை களரியில் இறங்கி ஆடவேண்டும்.