பளபளக்கும் தளம், உள்ளே காளான்

லண்டன், 1684. சாமுவேல் பெப்பீஸ் மறுபடியும் கடற்படை நிர்வாகத்துக்கு வருகிறார். பிற்காலத்தில் டைரியால் பெயர் வாங்கினாரே, அதே பெப்பீஸ்தான். நாடாளுமன்றம் 1677-ல் பணம் ஒதுக்கி, 30 போர்க்கப்பல்கள் கட்டச் சொல்லியிருந்தது. எல்லாம் புதுசு. உள்ளே இறங்கிப் பார்த்தால், காற்றோட்டமில்லாத மூலைகளில் காளான்! முஷ்டி அளவு காளான்களைத் தன் கையாலேயே பறித்ததாகப் பிற்பாடு எழுதிவைத்தார் மனிதர்.

எதிரியின் பீரங்கி எதற்கு? பூஞ்சையே போதும்.

மரக்கப்பல் இருந்த காலம் முழுக்க இதே ரோதனைதான். ஆங்கிலத்தில் 'ட்ரை ராட்' என்பார்கள். பெயரில்தான் உலர்வு. ஈரம் இல்லாவிட்டால் மரத்தை அந்தப் பூஞ்சை ஒன்றும் செய்துவிட முடியாது.

1930-களில் அமெரிக்காவில் கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் வந்தன. 1942-ல் ஒஹையோ மாநிலத்து ரே கிரீன் இரண்டையும் சேர்த்து ஒரு சின்னப் படகு செய்தார். ஃபைபர் கிளாஸ் படகு பிறந்தது. துருப்பிடிக்காது, மக்காது. அப்புறம் என்ன கவலை?

1959, நியூயார்க் படகுக் கண்காட்சி. ரோட் ஐலண்டைச் சேர்ந்த கிளின்டன் பியர்சன், எவரெட் பியர்சன் என்ற இரு உறவுக்காரர்கள் 'டிரைட்டன்' என்ற 28 அடி பாய்மரப் படகைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். விலை 10 ஆயிரம் டாலருக்குள். நடுத்தரக் குடும்பமும் ஆசைப்படலாம். ஆர்டர்கள் குவிந்தன. 1967-க்குள் 700-க்கும் மேல் கட்டியாகிவிட்டது.

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு. மேல்தளத்தில் ஆட்கள் நடப்பார்கள். மெல்லிய ஃபைபர் தகடு காலுக்குக் கீழே வளையும். தடிமனைக் கூட்டினால் எடை கூடும், செலவும் கூடும். என்ன வழி? இரண்டு மெல்லிய ஃபைபர் தகடு, நடுவே லேசான மரம். சாண்ட்விச்! தடிமனை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது பொறியியல் பாடம். இரண்டாம் உலகப்போரில் பறந்த பிரிட்டனின் 'மாஸ்கிட்டோ' விமானத்தின் உடம்பும் இதே சூத்திரம்தான். நடுவில் வைத்த மரம், ஈக்வடாரில் மளமளவென்று வளரும் பால்சா. சில கம்பெனிகள் ப்ளைவுட் வைத்தன.

ஆக, மரத்தை ஒழித்துவிட்டதாக நினைத்தவர்கள் அதை ஒளித்துத்தான் வைத்திருந்தார்கள்.

பிரச்னை எங்கே வந்தது தெரியுமா? ஓட்டையில். கைப்பிடிக் கம்பி, கயிறு கட்டும் கொக்கி என்று மேல்தளத்தில் ஏகப்பட்ட போல்ட்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓட்டை. அதைச் சுற்றிப் பூசிய பசை சில வருடங்களில் இறுகிப் பிளக்கும். மழைத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே போகும். போன ஈரம் வெளியே வர வழி கிடையாது. மேலும் ஃபைபர், கீழும் ஃபைபர். பூஞ்சைக்கு இதைவிட வசதியான வீடு அமையுமா?

பெப்பீஸாவது காளானைக் கண்ணால் பார்த்தார். இவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. மேலே தளம் வெள்ளை வெளேரென்று பளபளக்கும். உள்ளே மரம் கூழாகியிருக்கும். பேலன்ஸ் ஷீட்டில் காட்டாத நஷ்டம் மாதிரி. நடக்கும்போது கால் மெத்தென்று அமுங்கினால்தான் சந்தேகமே வரும்.

அதனால், பழைய படகு வாங்குபவர்கள் சின்னச் சுத்தியலால் தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்க்கிறார்கள். பலாப்பழம் பார்க்கிற மாதிரிதான். 'டக்' என்றால் நலம். 'தொப்' என்றால் போச்சு. மேல்தகட்டை அறுத்தெடுத்து, கூழைச் சுரண்டி, காயவைத்து, புது மரம் பதித்து, மறுபடி ஃபைபர் போர்த்த வேண்டும். ஆள்கூலியைக் கூட்டிப் பார்த்தால் சமயத்தில் படகின் விலையையே தாண்டிவிடும்.

தடுக்க வழி இல்லையா? இருக்கிறது, அதுவும் மலிவாக. ஓட்டையைப் பெரிதாகப் போட்டு, அதில் எபாக்ஸியை நிரப்பி, இறுகியதும் அதன் நடுவில் போல்ட்டுக்குத் துளையிட வேண்டும். தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது. கட்டும்போதே செய்திருந்தால், ஓட்டைக்குச் சில நிமிட வேலை. பல பட்டறைகளில் அந்தச் சில நிமிடத்தைத்தான் மிச்சம் பிடித்தார்கள். இருபது, முப்பது வருடம் கழித்து பில் வந்தது. கட்டியது எவனோ, கட்டணம் கட்டியது எவனோ!

பழியைப் பால்சா மேல் போடாதீர்கள். இன்றைய ராட்சதக் காற்றாலை இறக்கைகளுக்குள்ளும் அது இருக்கிறது. டிரைட்டன்களும் அறுபது வயதைத் தாண்டிக் கடலில் ஓடிக்கொண்டிருக்கின்றன, போல்ட் ஓட்டையைக் கவனித்த சொந்தக்காரர்கள் புண்ணியத்தில்.