திருவல்லிக்கேணிக் கல்வெட்டும் நம் ஊர்க் கற்களும்



ஓர் ஊரின் வரலாற்றை நூலகத்தில் மட்டுமன்று, அதன் வீதிகளில் நடந்தும் கற்கலாம். 1639 ஆகஸ்டு 22-ஐச் சென்னையின் பிறந்த நாளாகக் கொண்டு, 2004 முதல் அங்கே ‘மெட்ராஸ் தினம்’ கொண்டாடப்பட்டு வருகிறது. அதையொட்டிப் பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டும் மரபு நடைகளும் நடைபெறுகின்றன. வரலாற்று ஆய்வாளர் கோம்பை எஸ். அன்வர் அவர்கள், திருவல்லிக்கேணிக்குப் பல சமயத்தாரையும் அழைத்துச் சென்று முஸ்லிம்களின் வரலாற்றுத் தடங்களை விளக்கியுள்ளார்.

அங்கே கடற்கரையருகே, ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜா 1768-இல் சேப்பாக்கம் மாளிகையை எழுப்பினார். அதனைச் சூழ்ந்து விரிந்த தோட்டம் இருந்தது. 1855-இல் நவாப் குலாம் முஹம்மது கவுஸ் கான் வாரிசின்றி மறைந்ததும், ஆங்கிலேயர் நவாப் பட்டத்தை ஒழித்தனர். மாளிகை அரசின் வசமாயிற்று. தோட்டத்தின் ஒரு பகுதி கிரிக்கெட் மைதானமாயிற்று.

ஆயினும், 1795-இல் நவாப் குடும்பத்தார் கருங்கல்லால் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசலில் இன்றும் பாங்கொலி கேட்கிறது. லக்னோவிலிருந்து வந்த மார்க்க மேதை பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்) அவர்களும், 1972-இல் மறைந்த காயிதே மில்லத் அவர்களும் அவ்வளாகத்தில்தான் அடக்கமாகியுள்ளனர்.

அப்பள்ளியின் மிஹ்ராபில் ஓர் அரிய கல்வெட்டு உண்டு. அரபு எழுத்துகளுக்கு அலிஃப் 1, யா 10 என்றவாறு எண் மதிப்பு உள்ளதை மத்ரஸாவில் ஓதியோர் அறிவர். அல்லாஹ்வின் திக்ரைப் போற்றும் ஒரு சிறு தொடரின் எழுத்துகளைக் கூட்டினால், பள்ளி எழுந்த ஹிஜ்ரி 1209 கிடைக்கிறது. அதனை இயற்றியவர் நவாபின் செயலாளராக இருந்த ராஜா மக்கன் லால் என்னும் இந்து. அந்தக் கல் இல்லாதிருந்தால் இந்த உறவுக்கு ஏது சான்று?

இதை எழுதுகையில் என் நெஞ்சை ஒரு நினைவு உறுத்துகிறது. முன்பு நான் பணியாற்றிய ஓர் ஊரில் பள்ளியை விரிவுபடுத்தியபோது, எழுத்துகள் பொறித்த பழைய கல்லொன்று அஸ்திவாரத்தில் போடப்பட்டது. அதைப் படித்து எழுதி வைக்க எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பின்னர் ஓர் இளைஞர், “ஹஜ்ரத், நம் பள்ளி எந்த ஆண்டு கட்டப்பட்டது?” என்று கேட்டபோது தலைகுனிந்தேன்.

விருதுநகர், சிவகாசி வட்டாரத்திலும் பழைய பள்ளிகள் புதுப்பிக்கப்படுகின்றன. தொழுவோர் பெருகும்போது அது தேவையே. ஆனால் இடிக்குமுன் கல்வெட்டைப் படியெடுப்போம். தூண்களையும் ஹவுளையும் படம் பிடிப்போம். பெரியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்வோம். ஆலைகளும் அச்சகங்களும் ஓய்ந்திருக்கும் ஒரு ஞாயிறு காலையில், நம் பிள்ளைகளை மாற்றுச் சமய அண்டை வீட்டாருடன் அழைத்துக்கொண்டு, பள்ளியிலிருந்து மையவாடி வரை ஒருமுறை நடப்போம். நம் முன்னோர் யாருடன் கூடி வாழ்ந்தனர் என்பதை அந்தத் தெருக்களே அவர்களுக்குச் சொல்லட்டும், இன்ஷா அல்லாஹ்.