விழுக்காடும் கிரேடும்: மதிப்பெண் மாற்ற முறைகள்

தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணை ஏ, பி, சி என்ற எழுத்தாகவோ பத்துக்கு இத்தனை என்ற புள்ளியாகவோ மாற்றிச் சொல்வதே மதிப்பெண் மாற்றம். இதற்கு எங்கும் செல்லுபடியாகும் சூத்திரம் கிடையாது. மார்க் ஷீட் கொடுத்த வாரியமோ பல்கலைக்கழகமோ வகுத்ததுதான் விதி.

பெங்களூரு அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில் மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைக்கு எஸ்.எஸ்.எல்.சி. மொத்தம் 625. முதல் மொழிக்கு 125, மற்ற ஐந்து பாடங்களுக்குத் தலா 100. தமிழை முதல் மொழியாக எடுத்தால் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு தமிழ்த்தாளுக்கே. 563-லிருந்து ஏ பிளஸ், 500-லிருந்து ஏ, 438-லிருந்து பி பிளஸ், 375-லிருந்து பி, 313-லிருந்து சி பிளஸ். 625-இல் 90 விழுக்காடு 562.5 என்பதால், 562 வாங்கியவர் ஏ-யோடு நின்றுவிடுகிறார். கிரேடு வந்தால் ஒற்றை மதிப்பெண் போட்டி ஓயும் என்றார்கள். அது எல்லைக்கோட்டுக்கு இடம் மாறியதுதான் மிச்சம். 35 விழுக்காடு தேர்ச்சியாக இருந்தவரை சி கிரேடு 219-இல் தொடங்கியது. 2025–26 கல்வியாண்டு முதல் தேர்ச்சிக்கு மொத்தத்தில் 33 விழுக்காடு, அதாவது 206 போதும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை சி.பி.எஸ்.இ. என்றால் கணக்கே வேறு. அங்கே ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ1, அடுத்த பங்கினருக்கு ஏ2 என்று தருகிறார்கள். அதே 88-க்கு ஒரு பாடத்தில் ஏ1 கிடைக்கலாம், இன்னொன்றில் கிடைக்காமலும் போகலாம். இலங்கையில் க.பொ.த. சாதாரண தரத்தில் 75-க்கே ஏ. கர்நாடகத்தில் 75 விழுக்காடு பி பிளஸ்தான்.

கிரேடைத் திரும்ப விழுக்காடாக்கும்போதுதான் சிக்கல் முற்றுகிறது. தொடர் மதிப்பீட்டு முறை இருந்த காலத்தில் சி.பி.எஸ்.இ., பத்தாம் வகுப்பின் சராசரிப் புள்ளியான சி.ஜி.பி.ஏ.வை 9.5-ஆல் பெருக்கச் சொன்னது. 91 முதல் 100 வரை வாங்கியவர்களின் சராசரி ஏறத்தாழ 95 என்பதிலிருந்து வந்த எண் அது. அந்த வாரியத்தின் ஒரு காலத்துச் சராசரியை எல்லாக் கல்லூரிக்கும் நீட்டுவதில் நியாயமில்லை.

2014-இல் யு.ஜி.சி. ஓ, ஏ பிளஸ் எனத் தொடங்கும் பத்துப் புள்ளி அளவைப் பரிந்துரைத்தது. விழுக்காட்டுக் கணக்கு அதற்குப் பின்னும் ஒன்றாகவில்லை. பெலகாவியைத் தலைமையிடமாகக் கொண்ட விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2015, 2018 பாடத்திட்டங்களில் சி.ஜி.பி.ஏ.விலிருந்து 0.75-ஐக் கழித்துப் பத்தால் பெருக்க வேண்டும். 6.5 எடுத்தவருக்கு அதன்படி 57.5 விழுக்காடு, வெறுமனே பத்தால் பெருக்கினால் 65. கேம்பஸ் இன்டர்வியூவில் “பத்தாவதிலிருந்தே 60 விழுக்காடு வேண்டும்” என்று நிபந்தனை போடும் நிறுவனத்தின் முன் இந்த இடைவெளி வேலையையே தீர்மானிக்கும்.

ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு அளவுகோலே தலைகீழ்: அங்கே 1 மிக உயர்ந்தது, 4 தேர்ச்சி எல்லை. பவேரியச் சூத்திரப்படி, உச்ச மதிப்பெண்ணுக்கும் பெற்றதற்கும் உள்ள வித்தியாசத்தை, உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். உச்சம் 10, தேர்ச்சி 4 என்றால் 8 புள்ளி அங்கே 2.0. தேர்ச்சி 5 என்று வைக்கும் கல்லூரியில் அதே 8-க்கு 2.2.