நீலகிரியின் கவர்ச்சி: மலைப்பாதைகள் வழியே ஒரு வரலாறு

ஊட்டி என்றாலே குளிர் என்பது பழகிப்போன பேச்சு. அந்தக் குளிர் 1819-க்கு முன்பும் இருந்தது. அதைத் தேடிச் சமவெளியிலிருந்து யாரும் ஏறவில்லை. தோடர், கோத்தர், படகர், இருளர், குறும்பர் ஆகியோர் தமக்குள் பண்டமாற்று நடத்தி வாழ்ந்த மேட்டுநிலம் அது. வெளியாரை இழுத்ததில் காலநிலையைவிடப் பாதைகளுக்கே பங்கு அதிகம் என்பதும், பாதை மாறியபோதெல்லாம் வருவோரும் மாறினர் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சலிவன் 1819-இல் மலையேறினார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் அவர் போடச் செய்த பாதை 1823-இல் முடிந்தது. அதற்குள் உதகையில் அவருடைய வீடு எழும்பத் தொடங்கியிருந்தது. மலைமக்கள் ‘கல் பங்களா’ என்றழைத்த அந்தக் கட்டடம் இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கியவர் அவர். மலை நிலம் தோடர்களுக்கே உரியது என்று மேலிடத்தில் வாதாடியவரும் அவரே. அவரை உதகையின் தந்தையாகக் கொண்டாடுவோர் இந்த முரணைப் போகிற போக்கில் கடந்துவிடுகிறார்கள்.

அந்தப் பாதையில் வந்தவர்களில் முதன்மையானவர்கள் நோயாளிகள்: சமவெளி வெயிலில் நலிந்த ஆங்கிலப் படைவீரர்களும் அதிகாரிகளும். மற்றவர்களுக்குப் பயணம் பெரும்பாடு. 1834-இல் தலைமை ஆளுநர் பென்டிங்க் பிரபுவைக் காண அவரது ஆலோசனைக் குழுவின் சட்ட உறுப்பினர் மெக்காலே சென்னையிலிருந்து உதகைக்கு வந்தது ஆள்கள் சுமந்த பல்லக்கில்தான்.

ஆளுநர் லஷிங்டன் காலத்தில், 1830-களின் தொடக்கத்தில், குன்னூர் மலைச்சாலை திறந்தது. பின்னாளில் அது வண்டி ஏறும் பாதையாகச் சீரானபோது, ஏறியது ஆள் மட்டுமல்ல, முதலும்தான். காப்பித் தோட்டங்கள் எழுந்தன. அரசுத் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்கைவரின் மேற்பார்வையில் 1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் காய்ச்சல் மருந்துக்கான பட்டை தரும் சின்கோனா நடப்பட்டது. இலைநோய் காப்பியைச் சாய்த்தது. ஜாவாவின் மலிவான பட்டை சின்கோனாவை வீழ்த்தியது. எஞ்சி நிலைத்தது தேயிலை.

ரயில் 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் தொட்டது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஓடுகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு, பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளி ஏற்றுகிறது. ஏற்றம் 12 அடிக்கு ஓரடி. இந்தச் செங்குத்தை வெல்லப் பொறியாளர்கள் பட்ட பாட்டின் பயனாக, கோடைக்குச் சென்னை அரசாங்கமே கோப்புகளோடு எளிதில் மேலேறியது. அதே ஆண்டுகளில் அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையும் 1907-இல் குன்னூரில் மருத்துவ ஆய்வுக்கான பாஸ்டர் நிறுவனமும் வந்தன.

காற்றையே நம்பி வந்த தொழில் என்று சொல்லத்தக்கது இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். படச்சுருளுக்குத் தூசில்லாத குளிர்காற்று தேவை என்பதால் 1960-இல் உதகை தேர்வானது. 1967-இல் உற்பத்தி தொடங்கியது. டிஜிட்டல் வந்த பிறகு காற்று அப்படியேதான் இருந்தது, ஆலைதான் நிலைக்கவில்லை. நல்ல தட்பவெப்பம் தொழிலைத் தாங்கும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு மலை பிழைப்பிடமாயிற்று. அவர்களுக்காக 1968-இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டமே பின்னர் அரசு நிறுவனமான ‘டான்டீ’ ஆனது. படகர் சிற்றுழவர்களும் காய்கறி நிலங்களில் தேயிலை வைத்தார்கள். 1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது அடி விழுந்தது இந்தச் சிற்றுழவர்களுக்கே. சுற்றுலா மலர்ச்சியைப் பேசும் எழுத்துகளில் இந்தப் பகுதி அநேகமாக இருப்பதில்லை.

பேருந்தும் காரும் எல்லோருக்கும் எட்டியபின் வார இறுதிக் கூட்டம் வந்தது. சலிவன் உதகையில் உருவாக்கிய ஏரியின் ஒரு பங்கு காலப்போக்கில் நிலமாகி, பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் அதன்மேல் அமைந்தன.

இருநூறு ஆண்டுகளாக மலையேற்றத்தை எளிதாக்கிவந்த வரலாறு 2024 மே மாதம் திசைமாறியது. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் வாகனங்களுக்கு இ-பாஸ் என்னும் இணைய அனுமதிச் சீட்டு வந்தது. 2025 கோடையில் நாளொன்றுக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் இந்தக் கணக்கு இருக்கவில்லை; உள்ளூர்ப் பதிவான ‘டிஎன் 43’ வண்டிகளுக்கும் விலக்கு இருந்தது. விடுதிக்காரர்கள் வருமானம் குறைகிறது என்கிறார்கள். கோடையில் நெரிசலைத் தாண்டி மருத்துவமனைக்குப் போகவேண்டிய உதகைவாசிக்கு வரம்பு இன்னும் குறைந்தால்தான் ஆறுதல்.