அல்காரிதம் தாள்

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பொறியியல் கல்லூரிகளில், கணினி அறிவியல் மாணவர்கள் நான்காம் செமஸ்டரில் எழுதும் எழுத்துத் தேர்வு அல்காரிதம் தாள் எனப்படுகிறது. பாடத்தின் நீண்டகாலப் பெயர் ‘டிசைன் அண்ட் அனாலிசிஸ் ஆஃப் அல்காரிதம்ஸ்’. மாணவர் வாயில் அது டி.ஏ.ஏ. 2008 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதித்தொகுப்பில்) சிஎஸ்2251, 2013-இல் சிஎஸ்6402, 2017-இல் சிஎஸ்8451 என்று பாட எண் மாறிவந்தது. 2021 ரெகுலேஷனில் பெயர் ‘அல்காரிதம்ஸ்’ என்று சுருங்கி, எண் சிஎஸ்3401 ஆயிற்று. தேர்வு 3 மணி நேரம், 100 மதிப்பெண். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் அல்காரிதத்துக்கு ‘நெறிமுறை’ என்ற சொல் உண்டு. கல்லூரி வாசலைத் தாண்டி அந்தச் சொல் உள்ளே வருவதில்லை.

தாளின் அமைப்பு

2013 ரெகுலேஷன் தாளில் பார்ட்-ஏ பகுதியில் பத்து ‘டூ மார்க்’ கேள்விகளுக்கு 20 மதிப்பெண், பார்ட்-பி பகுதியில் ஐந்து பெரிய கேள்விகளுக்குத் தலா 16 வீதம் 80. 2017 ரெகுலேஷனில் பெரிய கேள்வி ஒவ்வொன்றும் 13 ஆகக் குறைந்து, மிச்சமான 15 மதிப்பெண்ணுக்குப் பார்ட்-சி என்று ஒன்று முளைத்தது. அலகுக்கு ஒரு பெரிய கேள்வி. ஒவ்வொன்றிலும் ‘அ அல்லது ஆ’ என்று ஒரு தேர்வு உண்டு. எந்த அலகையும் முழுதாகக் கைவிட முடியாதபடி இப்படி அமைத்திருக்கிறார்கள். ஆனாலும் அலகுக்குள் பாதியைக் கைவிடலாம் என்பது விடுதி அறைகளில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நேரத்தைப் பங்கிட்டால் 13 மதிப்பெண் கேள்விக்கு 25 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். இந்த 25 நிமிடம்தான் தாளின் உண்மையான பாடத்திட்டம். அந்த நேரத்துக்குள் பேனாவால் செய்து காட்ட முடிகிற அல்காரிதங்களே திரும்பத் திரும்பக் கேட்கப்படுகின்றன.

நூல்களும் தாளும்

இத்தாளின் வரலாறு பெரும்பாலும் இரண்டு பாடநூல்களின் வரலாறு. 2008 ரெகுலேஷன் பாடத்திட்டம் எல்லிஸ் ஹோரோவிட்ஸ், சர்தாஜ் சாஹ்னி, சங்குத்தேவர் ராஜசேகரன் ஆகியோரின் நூலை ஒட்டியது. அந்நூலின் முதல் வடிவம் ஹோரோவிட்ஸும் சாஹ்னியும் எழுதி 1978-இல் வந்தது. பிரித்து வெல்லும் முறை, பேராசை முறை, டைனமிக் புரோகிராமிங், பேக்டிராக்கிங், பிராஞ்ச் அண்ட் பவுண்ட் என்று உத்திவாரியாக அத்தியாயம் பிரிப்பது அதன் வழி. அத்தியாயம் பிரிந்த இடத்திலேயே அலகும் பிரிந்தது, அலகு பிரிந்த இடத்தில் கேள்வி எண் பிரிந்தது.

2013-இல் அனனி லெவிடினின் நூல் அந்த இடத்துக்கு வந்தது. அதனுடன் சிம்ப்ளெக்ஸ் முறை, மேக்ஸிமம் ஃப்ளோ, நிலையான திருமணச் சிக்கல் ஆகியவை நான்காம் அலகாக நுழைந்தன. கடைசியாகச் சொன்னது 1962-இல் கணிதவியலாளர்கள் கேலும் ஷாப்லியும் எழுதிய கட்டுரையில் பிறந்தது. ஆண்கள் பட்டியல் ஒன்று, பெண்கள் பட்டியல் ஒன்று, யார் யாரை எந்த வரிசையில் விரும்புகிறார்கள் என்ற அட்டவணை ஒன்று. யார் முன்வந்து கேட்கிறார்களோ அவர்களுக்கே கிடைக்கக்கூடியதில் சிறந்த துணை அமையும் என்பது நிறுவப்பட்ட முடிவு. பெண் பார்க்கும் படலத்துக்குப் பழகிய ஊரில் இந்தக் கேள்வி ஒருபோதும் கடினமாகத் தோன்றியதில்லை. ‘இது புரோகிராமிங்கா, கல்யாணத் தரகா’ என்று வகுப்பில் சிரித்தவர்களும் தேர்வில் அதைத்தான் எழுதினார்கள்.

டொனால்டு க்னூத்தின் நூல்வரிசை (முதல் தொகுதி 1968), ஏஹோ, ஹாப்கிராஃப்ட், உல்மன் ஆகியோரின் 1974 நூல், கார்மனும் இணை ஆசிரியர்களும் எழுதிய 1990 நூல் ஆகியன பார்வை நூல்களின் தரத்தவை. க்னூத் தம் பயிற்சிக் கேள்விகளுக்கு 0 முதல் 50 வரை கடுமை எண் இட்டார். விடை காணப்படாத ஆய்வுச் சிக்கல்கள் அந்த அளவுகோலின் மேல் முனையில் நிற்கும். பல்கலைக்கழகத் தாள் அந்த அளவுகோலின் கீழ்ப்பாதியைத் தாண்டுவதில்லை, தாண்டவும் தேவையில்லை.

அல்காரிதங்கள் பிறந்த கதை

தேர்வுக்காகப் படிக்கப்படும் அல்காரிதங்களில் ஒன்று தேர்வைத் தவிர்க்கவே பிறந்தது. 1951-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ராபர்ட் ஃபேனோ தகவல் கோட்பாடு வகுப்பு எடுத்தார். இறுதித் தேர்வு எழுத விரும்பாதவர்கள் ஒரு கட்டுரை தரலாம் என்றார். எழுத்துகளுக்கு மிகச் சிக்கனமான இருமக் குறியீடு எது என்பது கட்டுரைத் தலைப்புகளில் ஒன்று. ஃபேனோவும் கிளாட் ஷானனும் அதே சிக்கலில் முயன்று முழு விடை காணாதவர்கள் என்பதை அவர் வகுப்பில் சொல்லவில்லை. டேவிட் ஹஃப்மன் என்ற ஆய்வு மாணவர் மாதக்கணக்கில் முயன்று அலுத்து, குறிப்புகளைக் குப்பையில் போட்டுவிட்டுத் தேர்வுக்கே படிக்க உட்காரப்போன வேளையில் வழி பிடிபட்டது. ஃபேனோ மரத்தை உச்சியிலிருந்து கீழே பிரித்துக்கொண்டு வந்தார். ஹஃப்மன் மிகக் குறைந்த எடையுள்ள இரண்டு இலைகளை இணைத்து அடியிலிருந்து மேலே கட்டினார். கட்டுரை 1952-இல் வெளியானது. இன்று ஜேபெக் படங்களிலும் ஜிப் கோப்புகளிலும் அந்த முறை வேலை செய்கிறது.

2013 பாடத்திட்டத்தின் இரண்டாம் அலகில் இருந்த ‘பெரிய எண்களின் பெருக்கல்’ மாஸ்கோவில் 1960-இல் பிறந்தது. இரண்டு பெரிய எண்களைப் பெருக்க, இலக்கங்களின் எண்ணிக்கையின் வர்க்க அளவுக்கு வேலை தேவை என்று கணிதவியலாளர் கொல்மோகோரோவ் தம் கருத்தரங்கில் ஊகம் வைத்தார். 23 வயது மாணவர் அனடோலி கரட்சுபா ஒரு வாரத்துக்குள் அதை உடைத்தார். நான்கு பெருக்கல் வேண்டிய இடத்தில் மூன்று போதும் என்பதே விஷயம். வேலை அளவின் அடுக்கு 2 என்றிருந்தது சுமார் 1.585 ஆனது. சிம்ப்ளெக்ஸ் முறையை 1947-இல் தந்த ஜார்ஜ் டான்சிக், 1939-இல் பெர்க்லியில் வகுப்புக்குத் தாமதமாக வந்து, பலகையில் இருந்த தீர்க்கப்படாத இரு புள்ளியியல் சிக்கல்களை வீட்டுப்பாடம் என்று நினைத்துத் தீர்த்துக் கொடுத்தார். சிம்ப்ளெக்ஸுக்கும் அந்த வீட்டுப்பாடத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆயினும் ஆசிரியர்கள் இரண்டையும் சேர்த்தே சொல்வது வழக்கம்.

கேள்வி வகைகள்

கேள்விகளை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்: வரையறு, எழுது, ஓட்டிக் காட்டு, ஆராய், நிறுவு. வரையறுக்கச் சொல்வது பார்ட்-ஏ. பிக்-ஓ என்றால் என்ன, யூக்ளிட் முறையில் 84, 36 இவற்றின் மீப்பெரு பொது வகுத்தி காண்க (மீதி 12, பிறகு 0, ஆகவே 12) என்ற மாதிரி. ஆராயச் சொல்லும் கேள்விகளில் ரெகரன்ஸ் சமன்பாடுகள் முக்கியம். மாஸ்டர் தேற்றத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் மாட்டிக்கொள்ளும் இடங்களும் உண்டு. இரண்டு பாதிகளாகப் பிரித்து, இணைக்க என் லாக் என் வேலை ஆகும் சமன்பாடு தேற்றத்தின் அடிப்படை வடிவத்தின் மூன்று வகைகளுக்கும் அடங்காது. நிறுவுக என்பது அரிது.

தாளின் உயிர் ஓட்டிக் காட்டுவதில்தான் இருக்கிறது. மாணவர்கள் இதை ‘ட்ரேஸ்’ என்பார்கள். நான்கு ராணிகளைச் சதுரங்கக் கட்டத்தில் வைத்து, முட்டுகிற இடத்தில் குறுக்குக்கோடு போட்டுப் பின்வாங்கும் மரத்தைப் பென்சிலால் வரைய வேண்டும். எட்டு ராணிக்கு 92 விடைகள் என்பதால் அதை யாரும் கேட்பதில்லை. நான்குக்கு இரண்டே விடை: 2-4-1-3, 3-1-4-2. ட்ரேஸ் செய்பவர் அல்காரிதத்தின் ஒவ்வொரு அடியையும் தானே எந்திரமாகி நடக்கிறார். மனப்பாடமாக எழுதிய நிரலில் ஒளிந்துகொள்ளும் அறியாமை இங்கே ஒளிய முடியாது. ஆகவே காகிதத் தேர்வு பயனற்றது என்ற குற்றச்சாட்டு இத்தாளுக்குப் பொருந்தாது.

திருத்துவோருக்குத்தான் சங்கடம். A 40, B 20, C 20, D 20 என்று எடை கொடுத்து ஹஃப்மன் மரம் கேட்டால், முதலில் C-யும் D-யும் சேர்ந்து 40 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து B-யோடு சேர வேண்டியது A-யா, CD-யா? இரண்டும் 40. CD-யைச் சேர்த்தவருக்குக் குறியீட்டு நீளம் 1, 2, 3, 3. A-யைச் சேர்த்தவருக்கு நான்கும் 2. இரண்டிலும் சராசரி சரியாக 2 பிட். விடைக்குறிப்பில் அச்சானது ஒரு மரம்தான். மரத்தின் உருவத்தை மட்டும் ஒப்பிட்டுத் திருத்தினால் சரியான விடைக்கு மதிப்பெண் போய்விடும், சராசரியைக் கூட்டிப் பார்ப்பவர் முழு மதிப்பெண் போடுவார். அதனால் தேர்ந்த மாணவர்கள் ‘சம எடை, இப்படித் தேர்ந்தெடுத்தேன்’ என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிவைப்பார்கள்.

பிற தேர்வுகள்

முதுநிலைப் பொறியியல் படிப்புக்கான கேட் (GATE) தேர்விலும் அல்காரிதம் உண்டு. அங்கே 3 மணி நேரத்தில் 65 கேள்விகள், மரம் வரைய இடமில்லை, விடை மட்டுமே எண்ணப்படும். கொள்குறிக் கேள்விகளில் தவறான விடைக்கு மதிப்பெண் கழியும். மேற்சொன்ன ஹஃப்மன் கேள்வியை அங்கே கேட்பதானால் சராசரி என்ன என்றுதான் கேட்க முடியும்.

இன்றைய நிலை

2021 ரெகுலேஷனில் பாடமும் லேபும் ஒன்றாயின. மொத்த மதிப்பீட்டில் அகமதிப்பீட்டின் பங்கு 50, இறுதித் தேர்வின் பங்கு 50. சிம்ப்ளெக்ஸும் நிலையான திருமணமும் நீங்கின. ராபின்-கார்ப், கே.எம்.பி. போன்ற எழுத்துச்சரத் தேடல் முறைகளும் ரேண்டமைஸ்டு அல்காரிதங்களும் வந்தன. ஹஃப்மன் மரம் மூன்றாம் அலகில் இருக்கிறது.