காக்காயந்தோப்பு பாதிரியார் வீடு

புதுச்சேரி வர்றவங்க வெள்ளைக்காரத் தெருவையும் கடற்கரையையும் பார்த்துட்டுக் கிளம்பிடறாங்க. காலாப்பட்டில் என்னோட தங்குறவங்களை நான் அரியாங்குப்பத்தை ஒட்டின காக்காயந்தோப்புக்குக் கூட்டிட்டுப் போவேன். ஆற்றங்கரையில் மாவும் தென்னையும். நடுவில், 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய வீடு இடிந்து நிக்குது. அதைவிடப் பழசெல்லாம் காலுக்குக் கீழே. இதுதான் அரிக்கமேடு.

1769-இல் வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்தவர் லெ ழாந்தீல். மேகம் மறைச்சிடுச்சு, பாவம். ஆனா இங்கே ஊர்க்காரங்க ஆற்றங்கரையில் பெரிய பெரிய பழஞ்செங்கல் எடுத்ததை எழுதி வெச்சார். வீரராகவன்ங்கிற ராஜாவோட கோட்டைன்னு சொன்னாங்களாம். அவங்களைத் திட்ட எனக்கு மனசு வரலை. உழுற நிலத்தில் நல்ல செங்கல் கிடைச்சா நானும் வீட்டுக்குத்தான் கொண்டு போவேன்.

1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினப்போ இத்தாலியில் செஞ்ச சிவப்புப் பாண்டமும் மது ஜாடித் துண்டுகளும் வந்துச்சு. உடனே 'ரோமானியர் ஊர்'னு பேர் பரவிச்சு. எனக்கு அது ஒப்பவில்லை. பாசிமணி கோத்தவன், பானை வனைஞ்சவன் இந்த மண்ணுக்காரன். விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை செஞ்ச அகழாய்வும், ரோமச் சரக்கு வர்றதுக்கு முன்னாடியே இங்கே ஊர் இருந்ததைக் காட்டுச்சு.

அந்த மணிகளைப் பாரதி பூங்கா பக்கத்து அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். தோப்பை முதல்ல பாருங்க. மழைக்கு அப்புறம் போனா ஓட்டுச்சில்லு மேலேயே தெரியும், எடுத்துப் பையில் போட்டுக்காதீங்க.