பந்தைத் தொடாதவன்

2006 இலையுதிர் காலத்தில் அப்பா எங்களோடு மேடிசனில் தங்கியிருந்தார். ஒரு சனிக்கிழமை கேம்ப் ரேண்டல் மைதானத்துக்கு அழைத்துப்போனேன், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம். எண்பதாயிரம் பேர் போட்ட கூச்சலில் காதைப் பொத்திக்கொண்டே முதல் பாதியைப் பார்த்தவர், இடைவேளையில் 72-ஆம் எண் சட்டைக்காரனைக் காட்டினார்.

"ஏம்ப்பா, மலை மாதிரி இருக்கான். ஒரு தரம்கூடப் பந்தைத் தொடலியே. இவனை எதுக்கு வச்சிருக்காங்க?"

அவன் பெயர் ஜோ தாமஸ். லெஃப்ட் டேக்கிள். வலது கையால் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் கண்ணுக்குப் படாத இடப்பக்கத்தைக் காப்பது அவன் வேலை. இதைச் சொன்னேன், அப்பாவுக்குப் போதவில்லை. யோசித்தால் எனக்கும் போதவில்லை. தெரிந்துகொள்ளத் தோண்டியதில், கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டின் பழைய கதைகளுக்குள் போய் விழுந்தேன்.

முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரியில் பிலடெல்ஃபியாவின் ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டலில் நடந்தது. கல்லூரி வீரர்களைப் பணக்கார அணிகளே அள்ளிக்கொள்கின்றன என்று நொந்துபோயிருந்த ஈகிள்ஸ் முதலாளி பெர்ட் பெல்லின் யோசனை அது: கடைசியில் நிற்கும் அணி முதலில் எடுக்கட்டும். கரும்பலகையில் சுமார் 90 பெயர்கள், ஒன்பது அணிகள், ஒன்பது சுற்று. முதலில் எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறையில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. சிகாகோ பேர்ஸின் ஜார்ஜ் ஹாலஸோ ஒன்பதாம் சுற்றில் கோல்கேட் கல்லூரியின் டேனி ஃபோர்ட்மன் என்ற கார்டை (இவரும் முன்வரிசைத் தடுப்பாளர்தான்) எடுத்தார். பெயரின் ஓசை பிடித்திருந்ததாம், காரணம் அவ்வளவுதான் என்பார்கள். அந்த ஃபோர்ட்மன் ஆடிக்கொண்டே மருத்துவம் படித்து டாக்டரானார், ஃபுட்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம்பிடித்தார்.

1978-இல் தடுப்பு விதி மாறியது. அதுவரை கையை மடக்கி மார்போடு வைத்து மறித்தவர்கள், இனி விரித்த கையை நீட்டித் தடுக்கலாம் என்றானது. அதன் பிறகு முன்வரிசையில் தடுக்கும் லைன்மேனுக்குக் கையின் நீளமே சொத்து. டிராஃப்டுக்கு முன் இண்டியானாபொலிஸில் ஆண்டுதோறும் நடக்கும் தேர்வு முகாமில் இன்றும் துணிக்கடைக்காரர் போல நாடா பிடித்துக் கை நீளம் அளக்கிறார்கள். நாற்பது கெஜம் ஓடவைக்கிறார்கள். பெஞ்சில் படுக்கவைத்து 225 பவுண்டு எடையைத் தூக்கச் சொல்கிறார்கள்.

இந்த அளவுகளையெல்லாம் மிரட்டியவர் மிச்சிகன் ஸ்டேட்டின் டோனி மாண்டரிச். 300 பவுண்டைத் தாண்டிய உடம்பு. 1989-இல் விஸ்கான்சினின் கிரீன் பே பேக்கர்ஸ் அவரை இரண்டாவதாக எடுத்தது. முதல் ஐந்து பேரில் மற்ற நால்வரும் (ஏய்க்மன், பேரி சாண்டர்ஸ், டெரிக் தாமஸ், டியான் சாண்டர்ஸ்) ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். மாண்டரிச்சை நான்கே ஆண்டில் அனுப்பிவிட்டார்கள். கல்லூரியில் ஸ்டீராய்ட் போட்டதைப் பல ஆண்டு கழித்து அவரே ஒப்புக்கொண்டார். அந்தப் பெயரை எடுத்தாலே விஸ்கான்சினில் பெரியவர்கள் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அப்பா பார்த்த பையனின் கதை மெதுவாக வளர்ந்தது. முதல் வருடம் கூடுதல் தடுப்பாளனாக அங்கங்கே இறக்கினார்கள். இடையில் பல்கலைக்கழகத்துக்காகக் குண்டும் எறிந்தான். 2006 ஜனவரியில் ஆள் பற்றாக்குறையால் எதிர்வரிசையான டிஃபென்ஸில் ஆடப்போய் முழங்கால் ஜவ்வைக் கிழித்துக்கொண்டான். டிராஃப்டை ஒத்திப்போட்டு நான்காவது வருடமும் கல்லூரிக்கே திரும்பினான், சிறந்த லைன்மேனுக்கான அவுட்லேண்ட் கோப்பையை வென்றான். நாங்கள் பார்த்தது அந்த நான்காவது வருடத்தைத்தான்.

2007 டிராஃப்ட் நாளில் நியூயார்க் மேடைக்கு வரச்சொல்லி அழைப்பு இருந்தது. போகவில்லை. தன் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் மூன்றாவதாக எடுத்த செய்தி படகுக்குப் போனது. அப்புறம் பத்து வருடத்துக்கு மேல், பந்து ஆட்டத்துக்கு வந்த 10,363 தடவையும், ஒரு ஸ்னாப்கூட விடாமல் களத்தில் நின்றான்.

2023-இல் ஹால் ஆஃப் ஃபேம் செய்தி வந்தபோது அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். 72-ஆம் எண் நினைவிருந்தது.

"அவன் டீம் ஜெயிச்சுச்சா?"

"எங்கப்பா. ஒரு ப்ளேஆஃப்கூட ஆடலை. இவன் காப்பாத்தின குவார்ட்டர்பேக்கே இருபது பேர் கிட்ட வந்து போயிட்டாங்க."

"இருபது பேரா?" என்றவர், கொஞ்சம் விட்டு, "பந்தை?" என்றார்.